நீடித்து உழைக்கும் பாட்டுப் பெட்டி எது?

அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை ஆகிய இடங்களில் நெசவாளர் இல்லம் ஒன்றினுள் நுழைந்தால், தறி இருக்கும் கூடத்திலேயே மற்றொரு பொருளும் பெரும்பாலும் கண்ணில் படும். சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டோ, விளக்கு மாடத்தில் அமர்ந்துகொண்டோ ஒரு சிறிய பாட்டுப் பெட்டி இருக்கும். பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலிலும், ராசிபுரத்தை அடுத்த மரவள்ளித் தோட்டங்களிலும் இவ்வாறே. மோட்டார் அறையின் கதவிலோ வரப்போரத்து மரக்கிளையிலோ பெட்டி பாடிக்கொண்டிருக்கும், வேலை நடந்துகொண்டிருக்கும்.

காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் அமர்ந்து, கையும் காலும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் நெசவாளருக்குப் பாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று, உழைப்பிற்குத் துணை. ஆயினும் அத்துணையை வாங்குவதில் நாம் காட்டும் கவனம் மிகக் குறைவே. நூல் வாங்கும்போது முறுக்கைப் பார்க்கிறோம். சாயம் நிற்குமா என்று நனைத்துப் பார்க்கிறோம். மரவள்ளிக் கரணை வாங்குபவர் கணுவைத் தடவிப் பார்க்கிறார். பாட்டுப் பெட்டியை மட்டும், கடைக்காரர் ஒலியைக் கூட்டிக் காட்டியதும், "நன்றாய்ப் பாடுகிறதே" என்று பணத்தைக் கொடுத்து வாங்கிவிடுகிறோம். ஆறு மாதத்தில் அது ஊமையாகிவிடுகிறது. பிறகு மற்றொன்று வாங்குகிறோம்.

இவ்விழப்பிலிருந்து நமது அங்கத்தினர்கள் தப்புவதற்குரிய வழிகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெட்டி சிறுத்த கதை

1950-களில் நம் பக்கத்துக் கிராமங்களில் வானொலி என்பது வசதி படைத்தோர் வீட்டுப் பொருளாகவோ, பஞ்சாயத்துக்குரிய பொதுப் பெட்டியாகவோதான் இருந்தது. அதற்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். பெட்டியின் உள்ளே கண்ணாடிக் குழாய்களான வால்வுகள் இருந்தன. அவை சூடேறிய பின்னரே பெட்டி பேசும். எடை மிகுதி, மின்சாரச் செலவும் மிகுதி.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954-ல் அதைக் கொண்டு செய்த முதல் கைப்பெட்டி வானொலி அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னரே வானொலி, கூடத்தை விட்டு வயலுக்கு நடந்து செல்லக்கூடிய பொருளாயிற்று. 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தின் வேளாண்மை ஒலிபரப்பு உழவர்களிடம் எவ்வளவு செல்வாக்குப் பெற்றிருந்தது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1960-களில் ஏ.டி.டி. 27 என்னும் நெல் தஞ்சை உழவரிடையே அவ்வொலிபரப்பினால் பரவி, "வானொலி நெல்" என்றே பெயர் பெற்றது.

1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை வெளியிட்டது. 1979-ல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்தது. 2001-ல் ஐபாடு வந்தது. 2022-ல் அதன் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. இன்று நகக்கண் அளவுள்ள நினைவட்டை ஒன்றில் ஆயிரக்கணக்கான பாடல்கள் அடங்கிவிடுகின்றன.

இம்மாறுதலில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பழைய வால்வுப் பெட்டியில் ஒரு வால்வு எரிந்து போனால், அதை மட்டும் பிடுங்கி எடுத்து வேறொன்றைச் செருகினால் போதும். பெட்டி சிறுக்கச் சிறுக்க, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஐபாடு முதன்முதலில் வந்தபோது, வாங்கியவரே மின்கலத்தை மாற்ற இயலாதபடி அது மூடப்பட்டிருந்தது. அதனால் மனக்குறை எழுந்து, 2003-ல் மின்கலம் மாற்றித் தரும் ஏற்பாட்டை அந்நிறுவனம் செய்ய நேர்ந்தது. பொருள் மலிந்தது, பழுது பார்க்கும் வழியோ அடைபட்டது. நமது நஷ்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நான்கு பெட்டிகள் கற்பித்த பாடம்

என் வீட்டுத் தறிக்கூடத்தில் 3 ஆண்டுகளில் 4 பெட்டிகள் பழுதாயின. நான்கிற்குமாக 2,700 ரூபாய் செலவாயிற்று. நான்காவதும் கெட்ட பின், நான்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக வானொலி பழுது பார்த்துவரும் பெரியவரிடம் சென்றேன். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

முதற்பெட்டியின் ஒலிபெருக்கியில் பஞ்சுத் தூசி கம்பளம் போல் படிந்திருந்தது. பாவுக்கு இட்ட கஞ்சி உதிர்ந்து, அத்துகளும் தூசியோடு கலந்து ஈரத்தில் இறுகியிருந்தது. அதனால் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு அசைய முடியாமல் கிழிந்துவிட்டது.

இரண்டாவதில் மின்னேற்றும் துளை ஆடி ஆடிப் பெயர்ந்திருந்தது. அத்துளை உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையிலேயே பற்ற வைக்கப்பட்டிருந்தபடியால், பெயரும்போது பலகையின் செம்புக் கோடுகளையும் உரித்துக்கொண்டு வந்துவிட்டது.

மூன்றாவதில் மின்கலம் தலையணை போல் உப்பியிருந்தது. தகர வேயலின் கீழ், சித்திரை வெயிலில், இரவும் பகலும் மின்னிணைப்பிலேயே விட்டிருந்ததன் பலன் அது. மின்கலத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தபடியால் எடுத்து மாற்றவும் வழியில்லை.

நான்காவது பெட்டியில் குறை ஒன்றுமில்லை. குறை நினைவட்டையில் இருந்தது. 64 ஜி.பி. என்று அச்சிட்டிருந்த அந்த அட்டையின் உண்மைக் கொள்ளளவு அதில் ஒரு சிறு பகுதிதான். கொள்ளளவுக்கு மேல் பதிந்த பாடல்கள் யாவும் இரைச்சலாகவே ஒலித்தன.

எல்லாவற்றையும் காட்டிவிட்டு அப்பெரியவர் என்னைப் பார்த்து, "உங்கள் தறிக்கு எத்தனை வயதாகிறது?" என்று கேட்டார். என் பாட்டனார் காலத்துத் தறி என்றேன். "அச்சுப் பழுதானால் என்ன செய்கிறீர்கள்?" என்றார். அச்சை மாற்றுவேன் என்றேன். "அச்சைத்தான் மாற்றுகிறீர்கள், தறியையா மாற்றுகிறீர்கள்? நாடா தேய்ந்தால் நாடா, விழுது அறுந்தால் விழுது. பெட்டியையும் அப்படிப் பார்த்து வாங்கக்கூடாதா?" என்றார்.

இக்கட்டுரை கூற வரும் கருத்து முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியுள்ளது. கெடாத பொருள் உலகில் இல்லை. கெட்ட உறுப்பை நம் ஊரிலேயே, நம்மால் தாங்கக்கூடிய செலவில் மாற்ற முடியுமாயின், அப்பொருளே நீடித்து உழைக்கும் பொருள்.

ஐரோப்பிய நாடுகளும் இவ்வுண்மையை உணர்ந்து சட்டமே செய்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய மின்கல விதிகளின்படி, அங்கு விற்கப்படும் கைச்சாதனங்களின் மின்கலத்தை வாங்கியவரே எளிதில் கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும். சில விலக்குகளுடன் இவ்விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்குரியது. அச்சட்டம் நம் ஊர்க் கடைக்கு வரும்வரை காத்திராமல், நாமே பார்த்து வாங்குவது நலம்.

முதற் சோதனை: மின்கலம்

கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் பாட்டைக் கேட்க வேண்டாம். பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மின்கலத்திற்குத் தனி மூடி இருக்கிறதா? திருகாணி கொண்டேனும் திறக்க முடிகிறதா? இரண்டும் இல்லையெனில் அப்பெட்டியின் ஆயுள் மின்கலத்தின் ஆயுளே என்று கொள்க.

இன்று சிறு பெட்டிகளில் மூன்று வகை மின்கலங்கள் வருகின்றன. முதலாவது, பழைய நோக்கியா கைப்பேசிகளில் இருந்த பி.எல். 5சி என்னும் தட்டை மின்கலம். இது கையாலேயே கழற்றத்தக்கது. சிறு கடைகளிலும் கிடைப்பது. இரண்டாவது, 18650 என்னும் உருளை வடிவ மின்கலம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையதால் அதற்கு அப்பெயர். மூன்றாவது, கடிகாரத்திற்கும் கைவிளக்கிற்கும் போடும் சாதாரணப் பென்சில் மின்கலம். இவ்வகைப் பெட்டியில் உலர் மின்கலமும் போடலாம். மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் மின்கலமும் போடலாம். இம்மூன்றில் எதுவாயினும், தாங்கியில் செருகப்பட்டிருந்தால் நன்று. கம்பியால் பற்ற வைக்கப்பட்டிருந்தால் மெக்கானிக்கின் உதவி தேவைப்படும். பசையால் ஒட்டப்பட்டிருந்தால் வாங்காதிருப்பதே மேல்.

18650 மின்கலம் வாங்குவோர் ஓர் ஏமாற்றை அறிந்திருத்தல் அவசியம். மின்கலத்தின் கொள்ளளவு மில்லி ஆம்பியர் மணி என்னும் அளவினால் குறிக்கப்படுகிறது. நல்ல 18650 மின்கலம் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 2,000 முதல் 3,500 வரையில்தான் இருக்கும். 9,800 என்றோ 9,900 என்றோ அச்சிட்டு விற்கப்படுபவை நம்பத்தக்கவை அல்ல. நல்ல மின்கலத்தின் எடை சுமார் 45 கிராம். தராசில் வைத்தால் 30 கிராமுக்கும் குறைவாக நிற்பதை ஐயமின்றித் தள்ளிவிடலாம்.

பெட்டி எத்தனை மணி நேரம் பாடும் என்பதையும் நாமே கணக்கிடலாம். மின்கலத்தின் கொள்ளளவைப் பெட்டி இழுக்கும் மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். 2,000 மில்லி ஆம்பியர் மணி மின்கலம், பெட்டி இழுப்பது 200 மில்லி ஆம்பியர் எனில் 10 மணி நேரம். அதாவது ஒரு நாள் நெசவிற்குப் போதும். ஒலியைக் கூட்டினால் நேரம் குறையும். இத்தகைய மின்கலத்தைச் சுமார் 100 முறை மின்னேற்றினாலும் ஒரு யூனிட் மின்சாரமே செலவாகும். ஆகவே நாள்தோறும் கேட்பவருக்கு உலர் மின்கலங்களை வாங்கி எறிவதைக் காட்டிலும் மின்னேற்றும் வகையே சிக்கனமானது.

இரண்டாவது சோதனை: தூசியும் ஈரமும்

சாதனங்களின் அட்டைப் பெட்டியில் ஐ.பி. என்ற எழுத்துக்களும் அவற்றை அடுத்து இரண்டு இலக்கங்களும் காணப்படலாம். முதல் இலக்கம் தூசியை எவ்வளவு தடுக்கும் என்பதையும், இரண்டாவது நீரை எவ்வளவு தடுக்கும் என்பதையும் குறிக்கும். தூசிக்கு 6 என்பதே உச்ச நிலை. 5 என்பது கேடு விளைக்கும் அளவிற்குத் தூசி புகாது என்பதாகும். நீருக்கு 4 என்றால் சாரலைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்.

இங்கே நெசவாளர் ஏமாறக்கூடிய இடம் ஒன்றுண்டு. ஐ.பி.எக்ஸ்.7 என்று சில பெட்டிகளில் எழுதியிருப்பார்கள். முதல் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் இருப்பதன் பொருள், தூசிக்கான தகுதி கூறப்படவில்லை என்பதே. தோட்டத்தில் மழைச்சாரலுக்கு அஞ்சுபவருக்கு அது போதும். பஞ்சு பறக்கும் கூடத்தில் இருப்பவருக்கு முதல் இலக்கமே முக்கியம்.

எனினும் தூசி புகாத பெட்டிகளுள் பல, பசையிட்டு மூடப்பட்டவையாகவும் இருக்கின்றன. ஒரு நன்மையை நாடினால் மற்றது கைநழுவுகிறது. என் அனுபவத்தில், திறக்கத்தக்க சாதாரணப் பெட்டியை வாங்கி, ஒலிபெருக்கியின் முகத்திற்கு மெல்லிய மல் துணியில் உறை தைத்துப் போட்டு, வாரம் ஒருமுறை அத்துணியை உதறுவதே சிறந்த வழி. நெசவாளர் வீட்டில் துணிக்கா பஞ்சம்! ஆனால் வெப்பம் வெளியேறும் துளைகளை மூடிவிடலாகாது.

குழித்தறி உள்ள வீட்டில் குழிக்கு அருகே தரையில் பெட்டியை வைத்தல் கூடாது. அங்கு ஈரம் தங்கும். நெஞ்சு உயரத்தில் சுவரில் மாட்டுவது நலம். தோட்டத்தில் மருந்து தெளிக்கும் நாளில் பெட்டியை எடுத்துவிட வேண்டும். மருந்துத் துளி பட்ட பெட்டியைக் கையால் தொட்டுப் பின் அதே கையால் உண்பது ஆபத்து.

மூன்றாவது சோதனை: துளையும் பொத்தானும்

மின்னேற்றும் துளையில் கம்பியைச் செருகி மெல்ல ஆட்டிப் பாருங்கள். துளையே அசைந்தால் அப்பெட்டி வேண்டாம். இப்போது பரவிவரும் சி வகைத் துளையில் கம்பியை எந்தப் பக்கமும் செருகலாம். பழைய சிறு துளையில் தலைகீழாய்ச் செருகி வளைத்துவிடும் தொல்லை இதில் இல்லை. வீட்டில் சிறுவர் இருப்பின் இதனையே தேர்க.

கஞ்சி பட்ட கைக்கும் மண் பட்ட கைக்கும் தொடுதிரை ஒத்துவராது. ஆதலின் பெரிய பொத்தான்களும், கண் பார்வை குறைந்த முதியோரும் தடவி அறியத்தக்க திருகும் இருத்தல் நலம். கைப்பேசியே பாடுமே என்று கேட்கலாம். பாடும், ஆனால் பாடும்போதே அழைப்பும் வரும். பூ வேலை ஓடிக்கொண்டிருக்கையில் கவனம் சிதறி ஓர் இழை தவறினால், அதைப் பிரித்து நெய்ய எவ்வளவு நேரமாகும் என்பது நமக்குத் தெரியாததன்று. விலையுயர்ந்த கைப்பேசியை நாள் முழுவதும் தூசியில் வைப்பதும் சிக்கனமாகாது.

ஒலிபெருக்கி 4 ஓம் அல்லது 8 ஓம் என அதன் முதுகில் எழுதப்பட்டிருக்கும். 2 அல்லது 3 அங்குல வட்ட ஒலிபெருக்கி திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தால், கிழிந்தபோது அதே அளவும் அதே ஓமும் உள்ள மற்றொன்றை மாற்றிக்கொள்ளலாம். 4 ஓம் இருந்த இடத்தில் அதற்குக் குறைந்ததைப் போட்டால் பெட்டி சூடேறிக் கெடும்.

நான்காவது சோதனை: பாட்டு எங்கிருந்து வருகிறது?

இன்று கடைகளில் உள்ள பெட்டிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

வானொலி மட்டும் கேட்கும் எளிய பெட்டி முதல் வகை. உறுப்புகள் குறைவு, ஆகவே கேடும் குறைவு. ஆனால் பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. சேர்வராயன் மலையோ கொல்லி மலையோ இடையில் நின்றால் அம்மலையின் மறைவில் உள்ள ஊருக்கு ஒலி தெளிவாக வாராது. கொடைக்கானல் பண்பலை நெடுந்தொலைவு கேட்பதற்கு அதன் கோபுரம் மலைமேல் நிற்பதே காரணம். மத்திய அலை மலைக்கு அப்பாலும் செல்லக்கூடியதாயினும், அவ்வகை ஒலிபரப்பிகள் பலவற்றை ஆகாசவாணி மூடிவிட்டது. எனவே அண்டை வீட்டுப் பெட்டி ஒன்றை இரவல் பெற்று, உங்கள் கூடத்தில் எந்த நிலையம் தெளிவாகக் கேட்கிறது என்பதை அறிந்த பின்னரே வானொலி வாங்குக.

நினைவட்டையும் வானொலியும் சேர்ந்த பெட்டி இரண்டாம் வகை. நம் தேவைக்கு இதுவே பெரும்பாலும் பொருந்தும். எம்.பி. 3 முறையில் நடுத்தரமாகப் பதிந்த பாடல் ஒன்று சுமார் 4 எம்.பி. இடத்தைக் கொள்ளும். ஆகவே 32 ஜி.பி. அட்டையில் ஏறத்தாழ 8,000 பாடல்கள் அடங்கும். மலிவான பெட்டிகள் பல 32 ஜி.பி.க்கு மேற்பட்ட அட்டையைப் படிப்பதில்லை. பெரிய அட்டை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அட்டையை வாங்கியதும் அதை முழுவதும் நிரப்பிக் கடைசிப் பாடல் சரியாகப் பாடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். போலி அட்டையைக் கண்டறிய இதுவே எளிய வழி.

பாடல்களை முன்னரே பதிந்து விற்கும் பெட்டி மூன்றாம் வகை. எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட நிறுவனத்தின் வழிவந்த சரிகம நிறுவனம், 2017-ல் கேரவான் என்னும் பெட்டியை 5,000 பழைய பாடல்களுடன் வெளியிட்டது. தமிழ்ப் பாடல்களுக்கெனத் தனிப் பெட்டியும் வந்தது. நம் சேலத்து ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் எடுத்த காலத்துப் பாடல்களை விரும்பும் முதியோருக்கு, தேடாமல் திருகைத் திருப்பினாலே பாட்டு வரும் இவ்வகை உகந்தது. விலை அதிகமாதலால் மின்கலம் மாற்றும் வசதி, பழுது பார்க்கும் இடம் ஆகிய இரண்டையும் கேட்டறிந்து வாங்குக.

கைப்பேசியிலிருந்து கம்பியின்றிப் பாட்டைப் பெறும் புளூடூத் பெட்டி நான்காம் வகை. கைப்பேசியும் உடனிருக்க வேண்டும் என்பதே இதன் குறை. நினைவட்டைத் துளையும் சேர்ந்திருந்தால் அக்குறை நீங்கும்.

விசைத்தறிக் கூடத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

பள்ளிபாளையம், குமாரபாளையம், வெண்ணந்தூர்ப் பகுதிகளில் விசைத்தறி ஓட்டும் அன்பர்களுக்கு மேற்கூறிய அறிவுரை அப்படியே பொருந்தாது. ஒலியை டெசிபல் என்னும் அளவால் அளக்கிறார்கள். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு 90 டெசிபலை உச்ச வரம்பாகக் கொண்டுள்ளன. 85 டெசிபலிலேயே காதைக் காக்க வேண்டும் என்பது பல நாட்டு வல்லுநர் கருத்து. விசைத்தறிக் கூடங்களில் ஓசை 90 டெசிபலையும் தாண்டுவது சாதாரணம். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அங்கே காதுக்குக் கேடு நிகழ்கிறது என்று அறிக.

அவ்வோசைக்கு மேலாகப் பாட்டு கேட்க வேண்டுமாயின் பாட்டை இன்னும் உரக்க வைக்க வேண்டும். காதினுள் கருவியைச் செருகிக் கேட்பது அதனினும் தீது. அதன் கம்பி ஓடும் பட்டையில் சிக்கலாம். சக தொழிலாளி கூவும் எச்சரிக்கை செவியில் விழாமலும் போகலாம். இரைச்சலால் போன செவி திரும்பி வருவதில்லை. அதற்கு மாற்று உறுப்பு எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே தறி ஓடும்போது காதடைப்பான்; தறி நிற்கும்போது பாட்டு. இதனை விதியாகவே கொள்ள வேண்டுகிறேன்.

நெருப்பும் நூலும்

லித்தியம் மின்கலத்தைப் பேணும் முறையையும் கூறிவிடுகிறேன். சுற்றுப்புற வெப்பம் 45 டிகிரி செல்சியசுக்கு மேற்படும்போது அதை மின்னேற்றுதல் தகாது. சித்திரை, வைகாசியில் தகர வேயலின் கீழ் அவ்வெப்பம் எளிதில் வந்துவிடும். எனவே காலையிலோ இரவிலோ மின்னேற்றி, நிறைந்ததும் கழற்றிவிட வேண்டும். சில மாதங்கள் உபயோகியாமல் வைப்பதாயின் பாதியளவு மின்னேற்றத்துடன் வைத்தல் நலம்.

பாவின் மீதோ, நூல் சிட்டங்களின் அருகிலோ, படுக்கையிலோ பெட்டியை வைத்து ஒருபோதும் மின்னேற்றாதீர்கள். சிமெண்டுத் தரையே தக்க இடம். தறியில் ஏறியிருக்கும் பாவு சங்கம் நம்மை நம்பிக் கொடுத்தது. ஒரு சிறு மின்கலம் தீப்பற்றினால் அதுவும் வீடும் சேர்ந்து போகும். உப்பிய மின்கலத்தை அழுத்தவோ குத்தவோ மின்னேற்றவோ கூடாது. அதைக் குப்பையிலும் அடுப்பிலும் எறியாமல், பழைய மின்கலங்களைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.

ரசீதும் கூட்டுறவும்

மின்னேற்றியிலும் மின்கலத்திலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ். எண்ணும், ஆர் என்ற எழுத்தைத் தொடர்ந்து 8 இலக்கங்களும் அதில் காணப்படும். ரசீது இன்றி வாங்காதீர்கள். ரசீது இருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். முதற்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

விலையைப் பார்க்கும்போது ஆண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். 600 ரூபாய்ப் பெட்டி ஓராண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு 600 ரூபாய். 1,500 ரூபாய்ப் பெட்டி, 300 ரூபாய் பழுதுச் செலவுடன் 5 ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுச் செலவு 360 ரூபாயே. மலிவென்று நாம் எண்ணியதுதான் விலை மிகுந்தது.

ஆயினும் 1,500 ரூபாயை ஒரே முறையில் எடுத்து வைப்பது கூலிக்கு நெய்வோர் அனைவருக்கும் எளிதன்று. இங்கேதான் கூட்டுறவு பயன்படுகிறது. 1904-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை கண்டோர், நல்ல பொருளை நியாய விலையில் பலர் சேர்ந்து வாங்கும் வழியையே காட்டினர். நம் சங்கத்தில் இருபது பேர் சேர்ந்தால் ஒரே வகைப் பெட்டியாக வாங்கலாம். முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, ஒரு மாதம் ஓர் அங்கத்தினர் கூடத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம். நன்றெனில் மற்றவற்றை வாங்கி, ஐந்தாறு மின்கலங்களையும் இரண்டு ஒலிபெருக்கிகளையும் சங்கத்தில் சேமித்து வைக்கலாம். எல்லாம் ஒரே வகையாதலால் ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற்கு உதவும். உள்ளூர் மெக்கானிக்கிற்கும் வேலை கிடைக்கும்.

என் வீட்டில் இப்போது இருப்பது ஐந்தாவது பெட்டி. நான்காம் ஆண்டு நடக்கிறது. ஒருமுறை மின்கலமும், ஒருமுறை ஒலிபெருக்கியும் மாற்றியாயிற்று. மல் துணி உறையை என் மனைவி வாரந்தோறும் உதறிப் போடுகிறார். பெட்டியின் பூச்சு மங்கிவிட்டது, பாட்டு மங்கவில்லை.

அங்கத்தினர்கள் தத்தம் அனுபவங்களையும் சங்கக் கூட்டத்தில் எடுத்துரைத்து, வாங்குமுன் ஒருவரையொருவர் கலந்துகொள்வாராக. ஒருவர் பெற்ற நஷ்டம் இருபது பேருக்குப் பாடமாகுமாயின், அந்நஷ்டமும் வீண்போனதாகாது.